பாத்ரூம் வாசலில் ஒரு சிவப்புப் பொட்டு

ரிட்டயர் ஆன நாளிலிருந்து அப்பாதான் எங்கள் வீட்டு ஈ.பி. மீட்டருக்குப் பொறுப்பதிகாரி. தினமும் காலையில் ரீடிங்கை டைரியில் குறித்துவிட்டுத்தான் காபி. அவருடைய நிரந்தர எதிரி பாத்ரூம் லைட். சுவிட்ச் வெளியே இருக்கிறது. பகல் வெளிச்சத்தில் உள்ளே எரிவது யாருக்கும் தெரியாது. "மறுபடியும் எவன்டா அணைக்காம வந்தது?" என்ற சத்தம் தினம் நாலு தடவை கேட்கும்.

சரி, லைட் எரிகிறதா என்று வெளியிலிருந்தே காட்டும் குட்டிச் சிவப்பு விளக்கு, அதாவது ஒரு இண்டிகேட்டர், வைத்துவிட்டால் தீர்ந்தது என்று 45 ரூபாய்க்கு ஒன்று வாங்கிவந்தேன். மெயினை அணைத்து, டெஸ்டரால் பார்த்து, சுவிட்சுக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த டம்மி மூடியைக் கழற்றியாகிவிட்டது. உள்ளே இரண்டே ஒயர். ஒன்று கரண்ட் வரும் ஃபேஸ், மற்றது பல்புக்குப் போவது. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர் இந்தப் பக்கமே எட்டிப் பார்க்காமல் மேலேயே ஜங்ஷன் பாக்ஸிலிருந்து பல்புக்குப் போய்விட்டது. இண்டிகேட்டருக்கு இரண்டு கால், இங்கே இரண்டு ஒயர். கணக்கு சரிதானே? சுவிட்சின் இரண்டு முனையிலும் கொடுத்துவிட்டேன்.

மெயினைப் போட்டதும் ஜம்மென்று சிவப்பாக எரிந்தது. சுவிட்சைப் போட்டேன். அணைந்துவிட்டது.

"அதாவது... சிவப்பு எரிந்தால் லைட் ஆஃப். அணைந்தால் ஆன்" என்று குடும்பத்துக்கு வகுப்பெடுத்தேன். அம்மா ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிட்டார். அப்பா மட்டும் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

இரண்டாம் நாளே, ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா என்னை உலுக்கினார். "பாத்ரூம்ல யாரோ லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறாங்கடா. கூப்பிட்டா பதிலே இல்ல." போய்ப் பார்த்தால் கதவு வெளியே தாழ் போட்டபடி இருக்கிறது. கதவிடுக்கில் சில நொடிக்கு ஒருமுறை பளிச், பளிச். எனக்கே முதுகில் சில்லிட்டதை இங்கே ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

மறுநாள் எலெக்ட்ரீஷியன் அண்ணன் வந்து சுவிட்ச் போர்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதலில் கேட்டது: "என்ன சார், சுவிட்சுக்கு விபூதி?"

பிறகுதான் பேயின் ஜாதகம் தெரிந்தது. சுவிட்ச் அணைந்திருக்கும்போது இண்டிகேட்டருக்கான கரண்ட் பல்பு வழியாகத்தான் நியூட்ரலுக்குப் போயாக வேண்டும். ஒரு மில்லி ஆம்பியர் கூட இருக்காது. பழைய குண்டு பல்பு என்றால் அதைச் சட்டையே செய்யாது. ஆனால் இந்த 9 வாட் எல்.இ.டி.க்குள் இருக்கும் கெப்பாசிட்டர், உண்டியலில் சில்லறை சேர்ப்பதுபோல் அதைச் சேர்த்துவைத்து, நிறைந்ததும் ஒரே 'பளிச்'சில் செலவழித்துவிடும்.

அண்ணன் ஜங்ஷன் பாக்ஸிலிருந்து கறுப்பு நியூட்ரல் ஒயர் ஒன்றை இழுத்துவந்து, இண்டிகேட்டரின் ஒரு காலை அதிலும் இன்னொன்றைப் பல்புக்குப் போகும் ஒயரிலும் மாட்டினார். லைட் எரிந்தால் சிவப்பு, அணைந்தால் இருட்டு. கூலி 300 ரூபாய். அந்த பல்பு தினமும் பன்னிரண்டு மணி நேரம் வீணாக எரிந்தாலும் இரண்டு மாதத்துக்கு ஆறரை யூனிட்தான் ஆகும் என்பதை, அப்பா காதில் விழாமல் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

நேற்று மத்தியானம் பாத்ரூம் லைட் மூன்று மணி நேரம் எரிந்திருக்கிறது. அப்பா டைரியோடு நிற்கிறார்.

"நான் பார்த்துட்டுத்தானே வந்தேன்?" என்றார் அம்மா. "சிவப்பு எரிஞ்சுதே. எரிஞ்சா ஆஃப்னு நீதானடா சொன்னே?"