காரைக்குடி கோர்ட்டும் அந்த 25 விநாடியும்

செட்டிநாட்டுக்குப் போய்ட்டு வந்து எழுதுறவங்க எல்லாம் பெரிய வீடு, பர்மா தேக்குத் தூணு, கோழிக் குழம்புன்னு எழுதுவாங்க, அதெல்லாம் எங்களுக்கும் கிடைச்சுது, குறை ஒண்ணும் இல்ல. ஆனா இந்தத் தடவை என் மனசுல உக்காந்துட்டது காரைக்குடியில ஒரு சிமெண்ட் டென்னிஸ் கோர்ட்தான். என்கூட வந்தது அக்கா பொண்ணு, 12 வயசு, சென்னையில டென்னிஸ் ஆடுறா, ராக்கெட் பை இல்லாம எந்த ஊருக்கும் கிளம்ப மாட்டா. அவ ரூம் செவுத்துல ஸ்பெயின் டென்னிஸ்காரங்க நடாலும் அல்கராஸும்தான். நடால் மாதிரியே போர்ஹேண்ட் அடிச்சு முடிக்கிறப்ப ராக்கெட்டைத் தலைக்கு மேல சுத்திக் கொண்டு போவா, அல்கராஸ் மாதிரி திடீர்னு நெட்டுக்கு அந்தப் பக்கம் மெதுவா விழுற மாதிரி டிராப் ஷாட் வைப்பா, அதுல பாதி நெட்டுல போய் விழும், அதைப் பத்தியெல்லாம் கவலையே கிடையாது.

பல்லவன் ரயில்ல வந்து இறங்கி மறுநாள் விடியக்காலையிலேயே "சித்தி, இங்க எங்கயாவது கோர்ட் இருக்கா"ன்னு ஆரம்பிச்சுட்டா. தங்கின வீட்டு அண்ணன்கிட்ட விசாரிச்சா, பக்கத்துலயே ஒண்ணு இருக்குன்னு வழி சொன்னார். போனா, வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே ஒரு பத்துப் பதினஞ்சு பிள்ளைங்க ஆடிட்டு இருக்கு, ஓரத்துல பிளாஸ்டிக் சேர் போட்டு ஒரு வயசான சார். வெளியூர்ப் பிள்ளைன்னு தெரிஞ்சதும் "வாத்தா, வந்து ஆடு, உன் வயசுல ஆள் இருக்கு"ன்னு ஒரு பையனோட இறக்கி விட்டுட்டார். ஒரே நிமிஷத்துல நாங்க அந்த ஊர்க்காரங்க ஆயிட்டோம், அந்தப் பக்கத்து மனுஷங்க அப்படி.

நான் பார்த்துட்டே இருந்தது பக்கத்துக் கோர்ட்டை. அங்க ஒரு பொண்ணு, 17 வயசு இருக்கும், பெரிய பையன் ஒருத்தனோட மேட்ச் ஆடிட்டு இருந்துச்சு. ஒரு டபுள் ஃபால்ட், ரெண்டு சர்வீஸும் தப்பாகி பாயிண்ட் போச்சு. முகத்துல ஒண்ணும் காட்டல. திரும்பி பின்னாடி கம்பி வேலி வரைக்கும் மெதுவா நடந்துச்சு, ராக்கெட் ஸ்ட்ரிங்கை விரலால ஒவ்வொண்ணா நேராக்குச்சு, உள்ளங்கையை டவல்ல துடைச்சுது, ஒரு பெரு மூச்சு, திரும்பி வந்து அடுத்த சர்வீஸ். அந்தப் பொண்ணு பாயிண்ட் ஜெயிச்சாலும் இதேதான், தோத்தாலும் இதேதான். அப்புறம்தான் கவனிச்சேன், இந்தப் பக்கம் ஆடுற பொடிசுங்க எல்லாமே அதையே செய்யுதுங்க! எட்டு வயசுப் பையன் ஒருத்தன், ராக்கெட் அவன் இடுப்பு உயரம் இருக்கு, பந்தை வெளிய அடிச்சுட்டு விறுவிறுன்னு வேலிகிட்ட போய் ஸ்ட்ரிங்கைத் தடவிட்டு வர்றான். சார்கிட்ட "நல்லாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க சார்"னேன். "நான் எங்கங்க சொன்னேன், அந்தப் புள்ள செய்யுது, இதுக பாக்குதுக. அதுக்கு முன்னாடி இங்க ஒரு பையன் இருந்தான், அவனைப் பாத்து இது கத்துக்கிச்சு, அவன் இப்ப வேலைக்குப் போயிட்டான்"னார்.

எனக்கு இது ரொம்ப முக்கியமான விஷயமாப் படுது. ரெண்டு பாயிண்ட்டுக்கு நடுவுல 25 விநாடி குடுக்குறாங்க, பிள்ளைங்க உடைஞ்சு போறதும் தேறி வர்றதும் அந்த நேரத்துலதான். ஆனா டிவியில, போன்ல, ஹைலைட்ஸ்ல அதைத்தான் வெட்டித் தூக்கிடுறாங்க, ஷாட்டை மட்டும் காட்டுறாங்க. அதனால போஸ்டர்ல இருக்குற ஆள்கிட்டேருந்து பிள்ளைங்களுக்குக் கிடைக்கிறது ஷாட் மட்டும்தான். நடாலோட போர்ஹேண்டைப் பார்த்து அடிக்கிற பிள்ளைக்கு, அவர் அத்தனை வருஷம் ஆடியும் ஒரு தடவை கூட ராக்கெட்டை உடைச்சதில்லைன்னு யார் சொல்றா? அவரோட சித்தப்பா டோனிதான் சின்ன வயசுலேருந்து கோச், ராக்கெட்டைத் தூக்கிப் போட்டா அன்னியோட டென்னிஸ் முடிஞ்சுதுன்னு கண்டிஷன் போட்டவர். அதாவது நடாலுக்கே அந்தப் பழக்கம் பக்கத்துல இருந்த ஆள்கிட்டேருந்து வந்ததுதான்.

இன்னொண்ணும் உண்டு. நடாலுக்கு முன்மாதிரின்னா அது கார்லோஸ் மோயா, ரெண்டு பேரும் ஸ்பெயின்ல அதே மயோர்கா தீவுக்காரங்க. மோயா 1998-ல ஃபிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சு, 1999-ல உலக நம்பர் ஒன் ஆனப்ப நடாலுக்கு 12 வயசு, எங்க வீட்டுப் பிள்ளை வயசு. தன் தீவுல, தான் பார்த்துப் பழகுற ஒரு அண்ணன் அங்க நிக்கிறான்னா அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பக்கத்துல தெரிஞ்சிருக்கும்! அந்த ரெண்டு பேரும் 2008 சென்னை ஓபன் செமிஃபைனல்ல நுங்கம்பாக்கத்துல மோதினாங்க, நான் அன்னிக்கு ஸ்டாண்ட்ஸ்ல இருந்தேன். மூணு செட்டும் 6-6 ஆகி டைபிரேக், கிட்டத்தட்ட நாலு மணி நேரம், மோயாவுக்கு மேட்ச் பாயிண்ட் எல்லாம் வந்து போய் கடைசில நடால் ஜெயிச்சார், மறுநாள் ஃபைனல்ல கால் நகராம ரஷ்யாவோட யூஸ்னிகிட்ட 6-0, 6-1ன்னு தோத்தார். பிற்பாடு அதே மோயாதான் நடாலுக்குக் கோச்சா வந்தார். இந்தக் கதையை நான் அக்கா பொண்ணுக்குச் சொன்னப்ப அவ கேட்டது "தனக்குப் பிடிச்ச ஆளை எப்படி சித்தி அடிக்க மனசு வரும்"னு. கோகோ காஃப் 2019 விம்பிள்டன்ல 15 வயசுல வீனஸ் வில்லியம்ஸை ஜெயிச்சுட்டு நெட்டுல கை குடுக்குறப்ப நன்றி சொன்னாளே, அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டே வந்தா.

நம்ம ஊருக் கதையும் அப்படியேதான் போகுது. நாகர்கோவில்ல பொறந்த ராமநாதன் கிருஷ்ணனுக்குக் கோச் அவங்க அப்பா டி.கே. ராமநாதன். 1954-ல விம்பிள்டன் ஜூனியர் பட்டம், ஆசியாவுலேருந்து முதல் ஆள், அப்புறம் 1960, 1961 ரெண்டு வருஷமும் விம்பிள்டன் செமிஃபைனல். அவர் மகன் ரமேஷ் 1979-ல அதே ஜூனியர் பட்டத்தை ஜெயிச்சார், மூணு தலைமுறை ஒரே வீட்டுல. ரெண்டு பேருமே பலத்தை நம்பி ஆடினவங்க இல்ல, பந்தை எங்க வைக்கணுமோ அங்க வைக்கிற கை. 1966-ல கல்கத்தாவுல பிரேசில் கூட டேவிஸ் கோப்பை மேட்ச், தாமஸ் கோச்சுக்கு எதிரா கிருஷ்ணன் ரெண்டுக்கு ஒண்ணு செட் பின்னாடி, நாலாவது செட்ல 2-5, அங்கேருந்து எழுந்து வந்து ஜெயிச்சார், இந்தியா ஃபைனல் போச்சு. அப்ப அந்த மைதானத்துல இருந்த பிள்ளைங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

தூரத்து ஆள் வேண்டாம்னு நான் சொல்ல வரல. 1971-ல கேமரூன் போன அமெரிக்க ஆட்டக்காரர் ஆர்தர் ஆஷ் அங்க ஒரு 11 வயசுப் பையனைப் பார்த்து ஃபிரெஞ்ச் டென்னிஸ் சங்கத்துக்குச் சொல்லலேன்னா யானிக் நோவா 1983-ல ஃபிரெஞ்ச் ஓபன் ஜெயிச்சிருக்கவே மாட்டார். ஆசையைப் பத்த வைக்க அந்த மாதிரி ஆளுங்க வேணும். ஆனா விடியக்காலையில எழுந்திரிச்சு வர்றதும், தோத்த அன்னிக்கு எதிராளி கண்ணைப் பார்த்துக் கை குடுக்குறதும் கண்ணு முன்னாடி நிக்கிற அக்காகிட்டேருந்துதான் வருது. பொண்ணுங்களுக்கு இது இன்னும் அவசியம்னு நினைக்கிறேன், 14, 15 வயசுல நிறையப் பொண்ணுங்க ஆட்டத்தை விட்டுடுறாங்க, அந்த வயசைத் தாண்டி ஆடுற ஒரு அக்கா கோர்ட்டுல இருந்தா போதும், வீட்டுலயும் பேச்சு மாறும். சானியா வந்தப்ப ஹைதராபாத்துல பொண்ணுங்களுக்கு அப்படி ஒரு ஆள் கிடைச்சாங்க, இப்ப கோயம்புத்தூர் மாயா ராஜேஸ்வரன் 15 வயசுல, 2025-ல, மும்பையில டபிள்யூடிஏ 125ங்கிற பொண்ணுங்க சர்வதேசப் போட்டியில செமிஃபைனல் வரைக்கும் போனப்ப எங்க வீட்டுல விடிய விடிய அதே பேச்சுதான்.

பெத்தவங்க பத்தியும் சொல்லியாகணும். சென்னையில ஒரு ஜூனியர் போட்டியில ஒரு அப்பா வேலியைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு லைன் காலுக்கும் கத்திட்டே இருந்தார், ரெண்டாவது செட்ல அந்தப் பையன் அப்படியே அவர் குரல்ல அம்பயரைப் பார்த்துக் கத்தினான். எனக்கு வயித்தைக் கலக்கிடுச்சு. ஃபெடரரே சின்ன வயசுல ராக்கெட்டை வீசி அழுது ஆர்ப்பாட்டம் பண்ணினவர்தான், அதுலேருந்து வெளிய வர அவருக்கே சில வருஷம் ஆச்சு, நம்ம பிள்ளைக்கும் நேரம் குடுக்கலாம், ஆனா தூபம் போடக் கூடாது.

சாயங்காலம் தரை டைல்ஸ் செய்யிற ஆத்தங்குடி போனோம். ஒரு பட்டறையில பெரியவர் ஒருத்தர் கண்ணாடிப் பலகை மேல தகர அச்சை வச்சு, கரண்டியால ஒவ்வொரு கட்டத்துலயும் கலர் சிமெண்ட்டை ஊத்துறார், ஒரு சொட்டு கோடு தாண்டல, அச்சைத் தூக்கினா பூ அப்படியே நிக்குது, அதுக்கு மேல மணலும் சிமெண்ட்டும் தூவி அமுக்குறார். பக்கத்துல ஒரு இளவட்டம், அவர் மணிக்கட்டு திரும்புற அதே கோணத்துல தன் மணிக்கட்டைத் திருப்பி ஊத்துது. அவர் ஒரு வார்த்தை பேசல. அக்கா பொண்ணு என் கையைச் சுரண்டி "சித்தி, அந்த அண்ணா அவரை மாதிரியே நிக்கிறாரு பாருங்க"ன்னா. கானாடுகாத்தான் வீடுகளை அவசர அவசரமாத்தான் பார்த்தோம், அவளுக்கு மறுநாளும் கோர்ட்டுக்குப் போகணும்.

மறுநாள் அதே பையனோட ஆடி முதல் செட் தோத்தா. ஒரு தடவை ராக்கெட்டைத் தரையில தட்டினா, உடனே பக்கத்துக் கோர்ட்டைப் பார்த்தா, அந்த அக்கா அவளைப் பார்க்கவே இல்ல, தன் ஆட்டத்துலயே இருந்துச்சு. அப்புறம் இவளும் வேலி வரைக்கும் நடந்து போய் ஸ்ட்ரிங்கை நேராக்க ஆரம்பிச்சா. ரெண்டாவது செட்டையும் தோத்தா, ஆனா 7-5 வரைக்கும் இழுத்துட்டா.

கிளம்புறப்ப அந்த அக்காகிட்ட அவளே போய்ப் பேசினா, தினமும் எத்தனை மணிக்கு வருவீங்க, காலேஜ் போயும் ஆடுவீங்களான்னு ஒரே கேள்வி. அடுத்த தடவை நுங்கம்பாக்கத்துல சேலஞ்சர்ங்கிற ரெண்டாம் நிலை சர்வதேசப் போட்டி நடக்குறப்ப சென்டர் கோர்ட் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம், சைடு கோர்ட்ல வேலிகிட்டயே உக்காந்து பாயிண்ட் முடிஞ்ச அப்புறம் அவங்க என்ன பண்றாங்கன்னு மட்டும் பார்க்கப் போறோம், அவ அம்மா, எங்க அக்காவும் லீவு போட்டுட்டு வர்றேன்னு சொல்லியிருக்கா.