கையைப் பிடித்து இழுத்த மதீனா

ரமலான் மாதம். பிற்பகல் தொழுகையான அஸர் தொழுதுவிட்டு, மதீனாவில் நபிகளாரின் பள்ளிவாசலான மஸ்ஜிதுந் நபவியின் முற்றத்தில் நடந்துகொண்டிருந்தோம். எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு சிறுமி என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். படபடவென்று அரபியில் என்னவோ சொன்னாள். அதில் எனக்குப் பிடிபட்டது 'ஸுஃப்ரா' என்ற ஒரு சொல்தான். பதில் சொல்வதற்குள் இன்னொரு குட்டிப் பையன் உம்மாவின் புர்கா நுனியைப் பற்றி வேறு பக்கம் இழுத்தான். இரண்டு பிள்ளைகளுக்கும் முகத்தில் ஒரே தவிப்பு, எங்கள் விருந்தாளி கைநழுவிப் போய்விடக் கூடாதே என்று. சிறுமிதான் ஜெயித்தாள்.

ஸுஃப்ரா என்றால் உணவு வைக்கும் விரிப்பு. ரமலானில் அஸருக்குப் பிறகு பள்ளியின் உள்ளேயும் வெளியேயும் நீள நீளமாக விரித்துக்கொண்டே போகிறார்கள். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக ஸுஃப்ரா போடும் குடும்பங்கள் மதீனாவில் உண்டு. வாப்பா விட்ட இடத்தில் மகன் தொடர்கிறார். பெண்கள் பகுதியில் உம்மாமார்களும் பிள்ளைகளும். விரிப்பை நிரப்புவது பெரியவர்கள் வேலை என்றால் ஆட்களை நிரப்புவது பிள்ளைகள் வேலை.

அந்தச் சிறுமி இழுத்த இழுப்பில் எனக்கு நபிகளாரின் கஸ்வா ஒட்டகம் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் (இடப்பெயர்வு) செய்து 622-ல் மதீனாவுக்குள் நுழைந்தபோது ஒவ்வொரு குலத்தாரும் கடிவாளத்தைப் பிடித்து, எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அழைத்தார்கள். ஒட்டகத்தை விட்டுவிடுங்கள், அது இறைவனால் கட்டளையிடப்பட்டது என்றார்கள் நபி. ஒட்டகம் மண்டியிட்ட நிலம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைப் பிள்ளைகளுடையது. விலை கொடுத்து வாங்கி அங்கேதான் இந்தப் பள்ளி எழுந்தது. பயான்களில் எத்தனையோ முறை கேட்ட வரலாறு. ஒரு பிஞ்சுக் கை என் மகளை இழுத்துப்போன அன்றுதான் அது எனக்குள் இறங்கியது.

மகளுக்கு ஒன்பது வயது. நோன்பு அவளுக்குக் கடமையில்லை, பயணத்தில் பெரியவர்களுக்கே சலுகை இருக்கிறது. ஆனாலும் மதீனாவில் ஒரு நோன்பாவது பிடிப்பேன் என்று விடியலுக்கு முன் உண்ணும் சஹருக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டாள். நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பிறகு உதடு காய்ந்துவிட்டது. "ஒரு மடக்குத் தண்ணி குடிச்சுக்கம்மா, அல்லாஹ் ஏத்துக்குவான்" என்று உம்மா கெஞ்சிப் பார்த்தார்கள். "இல்ல உம்மம்மா, பாங்கு சொல்லட்டும்" என்று தலையாட்டிவிட்டாள்.

எங்கள் முன்னால் பேரீச்சம்பழம், ஒரு கப் தயிர், எள் தூவிய வளைய ரொட்டி, மக்காவின் ஸம்ஸம் கிணற்று நீர். ஒரு சிறு பொட்டலத்தில் பழுப்பு நிறத்தில் பொடி. பெயர் துக்கா. சீரகம், கொத்தமல்லி, எள் எல்லாம் வறுத்து அரைத்தது. தயிரில் தூவி ரொட்டியால் தொட்டுச் சாப்பிட வேண்டும். நம் ஊர் இட்லிப் பொடிக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்களேன். பள்ளிக்குள்ளே இவ்வளவுதான், சோறும் கறியும் வெளி முற்றத்து ஸுஃப்ராக்களில். ஊரில் தூக்குச்சட்டியில் வாங்கிவரும் நோன்புக் கஞ்சியும் வடையும் இல்லாமல் நோன்பு திறந்தது அன்றுதான் எனக்கு முதல்முறை.

மார்ச் மாதம். 6.30 தாண்டியதும் அத்தனை பெரிய கூட்டம் அப்படியே அடங்கியது. கையேந்திய துஆக்களின் (பிரார்த்தனைகளின்) முணுமுணுப்பு மட்டும். பக்கத்தில் இந்தோனேசியப் பெண் ஒருவர், எதிரே ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஒரு தாயும் மடியில் குழந்தையும். பாங்கு ஒலித்தது. ஸுஃப்ராவுக்குச் சொந்தக்கார அம்மா முதல் பழத்தைத் தன் வாயில் போடவில்லை. கொட்டையை நீக்கி என் மகளின் வாயில் வைத்தார்.

'தாகம் தீர்ந்தது, நரம்புகள் நனைந்தன, அல்லாஹ் நாடினால் கூலியும் உறுதியாயிற்று.' நோன்பு திறந்ததும் ஓத நபி கற்றுத்தந்த துஆவின் பொருள் இது. நாற்பது வருடமாக ஓதுகிறேன். அன்று ஸம்ஸம் மகளின் தொண்டையில் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே ஓதினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

ஏலக்காய் மணக்கும் அரபுக் காப்பியான கஹ்வாவைச் சின்னக் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். குடித்து முடிப்பதற்குள் பிள்ளைகள் விரிப்பின் இரு முனையிலும் நின்று சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். சில நிமிடங்களில் இடம் துடைத்தாற்போல் ஆனது. தொழுகை தொடங்குவதற்கான இகாமத் சொன்னபோது ஸஃப் (தொழுகை வரிசை) நேராக இருந்தது.

தொழுகை முடிந்து நாளைய ஸுஃப்ராவுக்கு என்று கொஞ்சம் ரியால் நீட்டினேன். அந்த அம்மா என் கையை மூடி நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டார். நோன்பாளியை நோன்பு திறக்கச் செய்தவருக்கு அந்த நோன்பாளியின் கூலி போலவே கூலி உண்டு, நோன்பாளிக்கும் எதுவும் குறையாது என்பது ஹதீஸ் (நபிமொழி). அதைப் போய் விலைபேச வந்துவிட்டேனே என்று கூசியது. சைகையும் அரைகுறை உருதுவுமாக அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எங்கள் உம்மா இறந்துவிட்டார். ரவ்ழாவுக்குப் போவாய்தானே? அங்கே அவருக்காக துஆ செய்." பெயரையும் சொன்னார். மறந்துவிடக் கூடாதென்று மகள் என் கைப்பையிலிருந்த சீட்டை எடுத்து எழுதிக்கொண்டாள்.

என் வீட்டுக்கும் மிம்பருக்கும் (சொற்பொழிவு மேடைக்கும்) இடையே உள்ளது சுவனத்துப் பூங்காக்களில் ஒரு பூங்கா என்று நபி சொன்ன இடம் ரவ்ழா. சவூதி அரசின் நுஸுக் செயலியில் நேரம் பதிந்து காத்திருந்து உள்ளே போனால் நிற்பதற்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். இரண்டு ரக்அத் தொழுது சீட்டைப் பிரித்தேன். ஊரில் சொந்தபந்தங்கள் சொல்லியனுப்பிய பெயர்கள் இரண்டு பக்கமும் நிறைந்திருந்தன. கடைசியில், ஓரத்து இடுக்கில், மகளின் கோணல் எழுத்தில் அந்த மதீனத்து உம்மாவின் பெயர். அதிலிருந்து தொடங்கினேன்.