மாணவர் குறும்படத்துக்கு ஒலி: ரூம் டோன் இல்லாமல் எடிட்டில் உட்காராதீர்கள்

டிப்ளமோ பட மதிப்பெண் வந்துவிட்டது. பெரிய நிம்மதி. ஒலிப் பகுதியில் கை கொடுத்தது இசையோ எஃபெக்ட்ஸோ அல்ல, ரூம் டோன்தான்: யாரும் பேசாதபோது அந்த இடத்தில் கேட்கும் பின்னணி ஒலி. அடுத்து படம் எடுக்கப்போகிறவர்கள் மற்றதையெல்லாம் விட்டாலும் இதை விடாதீர்கள்.

ஒவ்வொரு லொகேஷனிலும் கடைசி ஷாட் முடிந்ததும் யாரையும் கலையவிடாதீர்கள். அதே மைக், அதே இடம், அதே கெயின் (மைக் ஒலியை எவ்வளவு பெருக்குகிறோம் என்ற அளவு). வசனம் எடுத்தபோது ஃபேன் நின்றிருந்தால் இப்போதும் நின்றிருக்க வேண்டும். லைட்டுகள் எரியட்டும், அவற்றின் ரீங்காரமும் டோனில் சேர்த்திதான். ஆட்களும் உள்ளேயே நிற்கட்டும். உடம்பும் துணியும் எதிரொலியை உறிஞ்சும். அறை காலியானால் அதன் ஒலியே மாறிவிடும். 60 விநாடி யாரும் அசையாமல் பதிவு செய்யுங்கள். குழு முகம் சுளிக்கும். பரவாயில்லை.

எதற்கு இவ்வளவு பாடு? இரண்டு வசனங்களுக்கு நடுவே நாற்காலி கிறீச்சிட்டிருக்கும், அதை வெட்டுவீர்கள். வெட்டிய இடத்தில் சுத்த வெறுமை. ஹாலில் உட்கார்ந்திருப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் ஏதோ அறுந்தது தெரியும். அந்த ஓட்டையை டோனால் அடைத்து, இரு முனையிலும் 2 முதல் 4 ஃப்ரேம் கிராஸ்ஃபேட் (ஒரு ஒலி தேயத் தேய அடுத்தது எழுவது) கொடுங்கள். ஒருவரின் குளோஸ்-அப்பில் இரைச்சல் அதிகம், எதிரில் இருப்பவரின் ஷாட்டில் குறைவு என்றால், அமைதியான ஷாட்டின் அடியில் டோனைச் சேர்த்து இரண்டையும் சமமாக்குங்கள். சத்தமான ஷாட்டைச் சுத்தப்படுத்துகிறேன் என்று நாய்ஸ் ரிடக்‌ஷனை ஏற்றினால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். 6 டெசிபல் குறைத்ததும் கையை எடுத்துவிடுங்கள்.

மூன்று விநாடித் துண்டை லூப் செய்யாதீர்கள். அதில் ஒரு குருவி கத்தியிருந்தால் மூன்று விநாடிக்கு ஒருமுறை அதே குருவி கத்தும். டோன் எடுக்கவே இல்லையா? ஒவ்வொரு டேக்கிலும் கிளாப்புக்கும் 'ஆக்‌ஷன்' என்ற குரலுக்கும் நடுவே உள்ள அமைதியைப் பொறுக்கிச் சேருங்கள். இயக்குநரிடம் முன்பே சொல்லி அங்கே ஐந்து விநாடி இடைவெளி விடச் சொல்வது இன்னும் நல்லது.

டைம்லைனைத் தொடும் முன்:
- பிக்சர் லாக் ஆகாமல், அதாவது காட்சி எடிட் இறுதியாகாமல், ஒலியைத் தொடாதீர்கள். ஒரு ஷாட்டில் பத்து ஃப்ரேம் போனால் அதற்குப் பின்னால் உள்ள ஃபோலி (காலடி போல, படத்தைப் பார்த்துப் பிறகு பதியும் ஒலிகள்) எல்லாம் நகரும்.
- ஒலிக் கோப்பெல்லாம் 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட் (விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்பது), 24 பிட். 44.1-இல் பதிந்ததை மென்பொருள் 48 என்று தவறாக எடுத்துக்கொண்டால் வேகமும் சுருதியும் கூடிவிடும்.
- ஃபோனில் எடுத்த வீடியோவின் ஃப்ரேம் ரேட் பெரும்பாலும் நிலையாக இருக்காது. முதலில் நிலையான ரேட்டுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் தொடக்கத்தில் சரியாக இருக்கும் உதட்டசைவு போகப்போக விலகும்.
- வசனம், ஆம்பியன்ஸ் (சூழல் ஒலி), ஃபோலி, எஃபெக்ட்ஸ், இசை: ஒவ்வொன்றுக்கும் தனி டிராக்.

வேலையும் இதே வரிசையில்தான் போக வேண்டும். இசையை முதலில் போட்டால் வசனத்தின் குறைகள் அதனடியில் ஒளிந்துகொள்ளும். இசையை இறக்கும்போது எல்லாம் வெளியே வரும்.

டப்பிங்கை முடிந்தவரை தவிர்க்கவே சொல்வேன். லைவ் சவுண்டில் இருக்கும் மூச்சு டப்பிங்கில் திரும்ப வராது. செய்தே ஆக வேண்டுமென்றால், படப்பிடிப்பில் பயன்படுத்திய மைக்கையே அதே தூரத்தில் வையுங்கள். வாயருகே வைத்துப் பதிந்த குரல் வைட் ஷாட்டில் ஒட்டவே ஒட்டாது. நீள வசனத்தை வாக்கியம் வாக்கியமாகப் பிரித்துப் பேசவையுங்கள். சிங்க் பார்க்கும்போது உதடு மூடும் ப, ம எழுத்துகளை முதலில் பொருத்துங்கள். அவை உட்கார்ந்தால் மற்றவை பெரும்பாலும் தாமாக உட்காரும். பிறகு அடியில் ரூம் டோன். அது இல்லாத டப்பிங் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

ஃபோலியில் பாதம் தரையைத் தொடும் ஃப்ரேமில் ஒலி விழ வேண்டும். பாதம் தெரியாத ஷாட்டில் அளவைக் குறைத்துவிடுங்கள். திரையில் அசைகிற எல்லாவற்றுக்கும் சத்தம் வைக்க வேண்டியதில்லை. கதை கவனிக்கச் சொல்கிற பொருளுக்கு மட்டும் போதும்.

இசை வசனத்தை மறைத்தால் முதலில் ஃபேடரை இறக்குங்கள். போதாவிட்டால் இசை டிராக்கில் 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரையான பகுதியை 3 டெசிபல் குறையுங்கள். சொற்களின் தெளிவு பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. அடுத்தவர் இசை என்றால் எழுத்துப்பூர்வ அனுமதி கையில் இருக்கட்டும்.

மிக்சிங்கில் வசனத்தின் உச்சங்கள் மைனஸ் 12 டெசிபலுக்கும் மைனஸ் 6 டெசிபலுக்கும் நடுவே நிற்கட்டும், மொத்த ட்ரூ பீக் (ஒலி அலையின் உண்மையான உச்சம்) மைனஸ் 1-ஐத் தாண்ட வேண்டாம். லவுட்னஸ் அளவு திரையிடும் இடத்தைப் பொறுத்தது. ஐரோப்பிய ஒளிபரப்பின் ஆர் 128 தரம் மைனஸ் 23 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அலகு). உங்கள் விதிமுறையில் என்ன கேட்டிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள். மானிட்டர் வால்யூமை ஒருமுறை வைத்தால் மிக்ஸ் முடியும்வரை தொடாதீர்கள். ஒருமுறை மோனோவில் (இடது, வலது இரண்டையும் ஒன்றாக்கி) கேளுங்கள். ஃபேஸ் கோளாறு, அதாவது இரு பக்க அலைகளும் ஒன்றையொன்று அழிக்கும் கோளாறு, இருந்தால் சில ஒலிகள் காணாமல் போகும்.

வசனம், எஃபெக்ட்ஸ், இசை மூன்றையும் தனித்தனி வேவ் கோப்புகளாகவும் எடுத்து வையுங்கள். சமர்ப்பிக்கும் முன் டைம்லைனில் அல்ல, எக்ஸ்போர்ட் ஆன கோப்பையே வேறொரு கணினியில் தொடக்கம் முதல் டைட்டில் முடியும்வரை ஓட்டிப் பாருங்கள். மியூட்டில் மறந்துபோன டிராக் அப்போதுதான் பிடிபடும்.