காதுக்கு எட்டும் திரைக்கதை: மட்டக்களப்பு கல்லடியிலிருந்து ஒரு நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

தம்பி குறும்படம் எடுக்கப்போகிறான், எழுத்து நான். அவனுடைய கூட்டாளி ஒருவர் முதல் நான்கு காட்சிகளைப் பெயர்போன ஒரு திரைக்கதை மென்பொருளில் தட்டி அனுப்பியிருந்தார். எனக்குப் பார்வை இல்லை, திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் திரைவாசிப்பான் வழியாகத்தான் வாசிப்பேன். மெனு வரைக்கும் அது வாசித்தது. எழுதும் பகுதிக்குள் போனதும் ஒரு சத்தமும் இல்லை. சரி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள் என்றேன். அது பாமினி என்ற பழைய எழுத்துருவில் இருந்தது. பாமினி கண்ணுக்குத்தான் தமிழ், கோப்புக்குள்ளே இருப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. என் திரைவாசிப்பான் என்விடிஏ அதையே ஒவ்வொன்றாக உளறியது. யூனிகோடுக்கு மாற்றி எடுக்க இரவாகிவிட்டது. இந்த ஊரில் விழிப்புலனற்ற ஒருவருக்குக் கோப்பு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து யூனிகோடில் அனுப்புங்கள்.

மார்ச் 5, வியாழன்

மாற்றியதை வாசித்தால் எல்லாம் ஒரே ஓட்டம். யார் பேசுகிறார், எது செயல், எங்கே காட்சி மாறுகிறது, ஒன்றும் பிடிபடவில்லை. திரைக்கதையில் இதையெல்லாம் சொல்வது தாளில் விட்ட இடைவெளி. பாத்திரப் பெயர் இடது ஓரத்திலிருந்து 3.7 அங்குலம் தள்ளி, வசனம் 2.5 அங்குலம் தள்ளி. கண் அதை ஒரு பார்வையில் எடுத்துக்கொள்ளும். வரி எவ்வளவு உள்ளே தள்ளியிருக்கிறது என்று என்விடிஏயும் சொல்லும்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் அளவைக் கேட்டுக்கொண்டிருந்தால் கதை எங்கே மனதில் நிற்கும்?

மார்ச் 8, ஞாயிறு

ஃபவுண்டன் முறையில் எழுதத் தொடங்கிவிட்டேன். திரைக்கதையை வெறும் எழுத்துக் கோப்பாக, சின்னச் சின்னக் குறிகளோடு எழுதும் முறை அது. திரைக்கதை எழுதுகிற ஜோன் ஓகஸ்ட், படம் எடுக்கிற ஸ்டூ மாஷ்விட்ஸ் முதலானவர்கள் 2012இல் வெளியிட்டது. தனி மென்பொருளே வேண்டாம், நோட்பேட் போதும். எந்த வரி என்ன என்பதை வரியே சொல்லிவிடும். பிறகு அதை ஒரு செயலியில் கொடுத்தால் ஓரங்களைத் தானே அமைத்துக்கொள்ளும்.

தமிழுக்கு மட்டும் ஓர் இடைஞ்சல். முழுக்கப் பெரிய எழுத்தில் (ஆங்கிலக் கேப்பிட்டல் மாதிரி) இருக்கும் வரியைத்தான் அது பாத்திரப் பெயராக எடுக்கும். நமக்கு ஏது பெரிய எழுத்து! அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள்: பெயருக்கு முன்னால் @, காட்சித் தலைப்புக்கு முன்னால் ஒரு புள்ளி.

.உள். வீடு - இரவு

வாசல் கதவு தட்டப்படுகிறது.

@கமலா
இந்த நேரத்தில ஆரு?

என்விடிஏ விசையோடு பி விசையை அழுத்தி நிறுத்தக்குறி வாசிப்பைக் கூட்டி வைத்தேன். இப்போது குறி காதில் விழுந்ததும் அடுத்து வருவது பெயர் என்று தெரிந்துவிடுகிறது. எங்கள் பக்கத்து வடமோடிக் கூத்தில், பாத்திரம் நுழையும்போது பாடும் வரவுப் பாட்டு கேட்டதும் யார் களரிக்கு வருகிறார் என்று தெரிகிற மாதிரி.

இன்று மூன்று காட்சி எழுதி முடித்தேன். யாரையும் பக்கத்தில் இருத்தி வாசிக்கச் சொல்லவில்லை. சந்தோஷம் சொல்லி மாளாது.

மார்ச் 12, வியாழன்

தம்பிக்குத் தாள் வேண்டும். பிடிஎஃப் எடுத்துக் கொடுத்தேன். “அக்கா, முழுக்கப் பெட்டி பெட்டியா கிடக்கு” என்றான். செயலி கூரியர் எழுத்துருவைப் பிடித்திருக்கிறது, அதில் தமிழ் எழுத்து இல்லை. அமைப்பில் தமிழ் எழுத்துரு ஒன்றுக்கு மாற்றியதும் சரியாகிவிட்டது.

திரைக்கதையில் ஒரு பக்கம் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கும் 12 புள்ளி கூரியரில் அடித்த ஆங்கிலத் தாளுக்குரியது. தமிழுக்கு நான் அதை நம்பமாட்டேன். வசனத்தை நானே நடிக்கிற வேகத்தில் வாசித்துப் போனில் நேரம் பிடித்தேன். திரைவாசிப்பானின் வேகம் இதற்கு உதவாது, நான் அதை மிக விரைவாகத்தான் ஓடவிடுவேன்.

மார்ச் 15, ஞாயிறு

தம்பி திருத்தங்களை அச்சுத் தாளில் சிவப்புப் பேனையால் எழுதிக்கொண்டு வந்தான். இனிக் கோப்பிலேயே இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுது என்றேன். ஃபவுண்டனில் அது குறிப்பு. தாளில் அச்சாகத் தேவையில்லை, எனக்கோ அந்தந்த இடத்திலேயே கேட்கும்.

“ஓம் அக்கா, எனக்கும் அது லேசு” என்றான். அவனுக்குச் சலுகையாகப் படவில்லை, வேலைக்கு வசதியாகப் பட்டது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

மார்ச் 18, புதன்

அந்தப் பெயர்போன மென்பொருளைச் செய்கிறவர்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். எழுதும் பகுதியைத் திரைவாசிப்பானுக்குத் திறந்துவிடுங்கள், தலைப்பு, பெயர், வசனம் என்று எந்தக் கூறில் நிற்கிறேன் என்பதை டாப் (Tab) விசை அழுத்தும்போது சொல்லவையுங்கள், பார்வை குறைந்தவர்களுக்காக எழுத்தின் அளவையும் நிறத்தையும் மாற்ற விடுங்கள், தமிழில் தட்டினாலும் இதெல்லாம் வேலை செய்யவேண்டும். மாற்றம் வந்தால் சோதித்துச் சொல்ல நான் தயார் என்றும் எழுதியிருக்கிறேன். நாளைக்கு ஐந்தாம் காட்சி, மட்டக்களப்பு பஸ் நிலையம், வெளி, பகல்.