ஐந்தரை மாத அட்வான்ஸ்

எங்கள் மாடி வீட்டில் குடியிருந்தவர் 2022 நவம்பர் மாத வாடகையைத் தராதபோது எனக்குச் சிறு கவலைகூட எழவில்லை. 2019 ஜூனில் குடிவந்ததிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்குள் ஒன்பதாயிரம் ரூபாயை என் வங்கிக் கணக்கில் போட்டுவந்தவர் அவர். சொந்தமாகக் கார் வாங்கி, மென்பொருள் நிறுவன ஊழியர்களை இரவு நேரத்தில் ஏற்றி இறக்கும் ஒப்பந்தத்தில் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தம் நின்றுபோனதாகவும், கார் தவணையே கழுத்தை நெரிப்பதாகவும் அவருடைய மனைவி என்னிடம் சொன்னபோது, "பரவாயில்லைம்மா, முடிஞ்சப்போ குடுங்க" என்று பதில் சொன்னேன். இந்தப் பதிவு அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது.

சென்னையை அடுத்த சேலையூரில் இருக்கும் இந்த வீட்டின் மாடியை என் கணவர் பணி ஓய்வின்போது கிடைத்த பணத்தில் கட்டினார். அவர் போன பிறகு, என் ஆசிரியர் ஓய்வூதியத்துக்கு அடுத்தபடியாக அந்த வாடகையை நம்பித்தான் மருந்துச் செலவும் வீட்டு வரியும் நடந்தன. ஆனாலும் நான் கேட்காமல் இருந்ததற்கு இரக்கம் மட்டும் காரணமில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். என்னிடம் அவருடைய அட்வான்ஸ் ஐம்பதாயிரம் ரூபாய் இருந்தது. ஐந்தரை மாத வாடகைக்குச் சமமான அந்தத் தொகை என் கையில் இருந்த காரணத்தால், எந்த மாதமும் அவசரமான மாதமாகத் தோன்றவில்லை. ஜனவரியில் ஐயாயிரம் ரூபாய் மட்டும் அனுப்பினார். பிப்ரவரியிலும் மார்ச்சிலும் ஒன்றும் வரவில்லை. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் "டீச்சர், அடுத்த வாரம் பாத்துடுறேன்" என்பார். நான் தலையசைத்துவிட்டு உள்ளே வந்துவிடுவேன். ஏப்ரலில் என் காலடிச் சத்தம் கேட்டால் அவர் மேலேயே நின்றுவிடுவதைக் கவனித்தேன். அதன் பிறகு அவருடைய பிள்ளைகள்கூடப் படியிறங்கும்போது சத்தமில்லாமல் இறங்கத் தொடங்கினார்கள். இவற்றுக்கிடையில் மின்கட்டணமும் நின்றுபோயிருந்தது. மின் இணைப்பு என் கணவர் பெயரில் இருந்ததால், இணைப்பைத் துண்டித்துவிடுவார்களோ என்ற பயத்தில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நானே கட்டினேன்.

அட்வான்ஸ் கழிந்துபோன நிலையில்தான் உறவினர்களிடம் வாய் திறந்தேன். என் கொழுந்தனார் வந்து, மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்திவிட்டால் ஒரே வாரத்தில் காலி செய்துவிடுவார்கள் என்றார். பல வீடுகளில் நடப்பதைத்தான் அவரும் சொன்னார். ஆனால், அந்த வீட்டில் இரண்டு குழந்தைகள் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் குழாய் வறண்டு கிடப்பதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை. அதற்குச் சட்டத்திலும் தடை உண்டு என்பதைப் பிறகு வக்கீல் விளக்கினார். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, பாக்கி எவ்வளவு இருந்தாலும் தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளர் தடுக்கக் கூடாது; தடுத்தால், வாடகைதாரர் முறையிட்டு அவற்றைத் திரும்பப் பெறலாம். அதாவது, பணம் வராத வழக்கில் நியாயம் என் பக்கம் இருக்கும்போதே நானே சட்டத்தை மீறியவளாக நின்றிருப்பேன். காவல் நிலையத்துக்கும் ஒருமுறை போனேன். இது உரிமையியல் விவகாரம், நீதிமன்றத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பினார்கள்.

வக்கீல் முதலில் கேட்டது ஒப்பந்தத்தை. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதிய பதினோரு மாத ஒப்பந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால், அதைத் தவிர்ப்பதற்காகத் தலைமுறையாக எல்லாரும் பதினோரு மாதம் என்று எழுதுகிறோம். நாங்களும் அப்படியே எழுதினோம். 2020-இல் அது முடிந்த பிறகு நாங்கள் இருவருமே அதைப் புதுப்பிக்கவில்லை. 1960-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் காலத்தில், வாடகைதாரர் வேண்டுமென்றே வாடகையை நிறுத்தினாரா என்பதை நிரூபிப்பதிலேயே வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தன. இப்போதைய சட்டம் எழுத்தையே அடிப்படையாகக் கொள்கிறது. நகரப் பகுதிகளில் வாடகை ஒப்பந்தம் எத்தனை மாதத்துக்கானதாக இருந்தாலும் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை ஆணையத்தில் பதிவுசெய்து பதிவு எண் பெற வேண்டும். எங்களிடம் அந்த எண் இல்லை. நான் மாதந்தோறும் ரசீது கொடுத்ததும் இல்லை. நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளின் வருகைப் பதிவேட்டை ஒருநாள்கூட விடாமல் எழுதிய எனக்கு, என் வீட்டைப் பற்றி ஒரு ஒழுங்கான தாள் இல்லாதது மிகுந்த வேதனையாக இருந்தது.

அதைவிட என்னைத் தைத்தது வேறொரு விவரம். இரண்டு மாத வாடகை நிலுவையானாலே உரிமையாளர் நோட்டீஸ் அனுப்பலாம். நோட்டீஸ் கிடைத்த ஒரு மாதத்துக்குள் வாடகைதாரர் நிலுவை முழுவதையும் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்துக்காக அவரை வெளியேற்ற முடியாது. செலுத்தாவிட்டால்தான் உரிமையாளர் வாடகை நீதிமன்றத்தை நாடலாம். இதைக் கேட்டதும் நான் மனத்துக்குள் கணக்குப் போட்டேன். ஜனவரியில் நான் எழுத்தில் கேட்டிருந்தால் அவர் கட்ட வேண்டியிருந்தது பதினெட்டாயிரம். நகையை வைத்தோ, அண்ணனிடம் வாங்கியோ அவர் புரட்டியிருக்கக்கூடிய தொகை அது. புரட்ட முடியாவிட்டாலும், அட்வான்ஸின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டு சிறிய வீட்டுக்குப் போயிருக்கலாம். ஜூனில் நான் வக்கீல் முன்னால் உட்கார்ந்தபோது, குடியிருந்தவரிடம் பணமும் இல்லை, அட்வான்ஸும் இல்லை. அடுத்த வீட்டுக்குக் கொடுக்க ஒன்றுமில்லாததால் அவரால் காலி செய்யவும் முடியாத நிலை. கருணை என்று எண்ணி நான் காத்த மௌனத்தில் அந்தக் குடும்பம் வெளியேறும் வழியும் அடைபட்டுப்போயிருந்தது.

பதிவுத் தபாலில் அனுப்பிய நோட்டீஸ் பெற்றுக்கொள்ளப்படாமல் திரும்பி வந்தது. வழக்குப் போடலாம் என்றார் வக்கீல். சட்டம் கேட்கும்படி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாததே உரிமையாளர் வீட்டைத் திரும்பக் கேட்பதற்கு ஒரு தனிக் காரணமாகச் சட்டத்தில் இருப்பதால் வழி உண்டு என்றும் சொன்னார். கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை பேசிப்பார்க்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே மாடியேறிக் கதவைத் தட்டினேன். கையில் ஒரு நோட்டுப்புத்தகம் மட்டும் கொண்டுபோனேன். அவர் கதவைத் திறந்ததும், "தம்பி, உங்கள திட்ட வரல. கணக்க ரெண்டு பேரும் சேர்ந்து எழுதிடுவோம்" என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு அவருடைய மனைவிதான் பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

ஆகஸ்ட் கடைசியில் காலி செய்வதென்று முடிவாயிற்று. பத்து மாத வாடகை தொண்ணூறாயிரம். அதில் தந்தது ஐயாயிரம். நான் கட்டிய மின்கட்டணம் எட்டாயிரத்து அறுநூறு. அட்வான்ஸ் போக மீதி நாற்பத்து மூவாயிரத்து அறுநூறு. முப்பதாயிரத்தை மாதம் இரண்டாயிரமாகத் தந்தால் போதும், மீதியை விட்டுவிடுகிறேன் என்று எழுதி, வக்கீல் முன்னிலையில் இருவரும் கையெழுத்திட்டோம். வழக்கு நடத்தியிருந்தால் ஒருவேளை முழுத்தொகைக்கும் உத்தரவு கிடைத்திருக்கும். ஆனால் அந்த உத்தரவின்படி பணம் கட்ட வேண்டிய மனிதரிடம் பணம் இருந்திருக்காது. சொன்ன தேதிக்கு இரண்டு நாள் முன்பே அவர்கள் சாமான்களை ஏற்றினார்கள். மின்மீட்டர் அளவை இருவரும் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுத்தார்.

இப்போது மாடியில் வேறொரு குடும்பம் இருக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை, ஒப்பந்தத்துக்குப் பதிவு எண், மாதாமாதம் ரசீது. பழையவர் செப்டம்பர், அக்டோபர் தவணைகளை அனுப்பினார். நவம்பர் ஐந்தாம் தேதி வரை அந்த மாதத் தவணை வரவில்லை. ஆறாம் தேதி காலை எட்டு மணிக்கு நான் அவருக்குத் தொலைபேசியில் அழைத்து, "தம்பி, இந்த மாசம் வரல, என்ன ஆச்சு?" என்று கேட்டேன். இளையவனுக்குக் காய்ச்சல் என்றார். பதினைந்தாம் தேதி அனுப்புவதாகச் சொன்னார். நோட்டுப்புத்தகத்தில் பதினைந்து என்று எழுதிவைத்துக்கொண்டேன்.