ஹீப்பில் இடம் இருக்கிறது, ஆனாலும் ப்ராசஸ் சாகிறது

தீபாவளி நெருங்கும்போது தி.நகர் துணிக்கடைகளில் பில்லிங் எப்படி இருக்கும் என்று சென்னையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதிரிக் கடைகள் ஜிசிப் (gzip) முறையில் சுருக்கி அனுப்பும் பில் கோப்புகளை வாங்கிப் பிரித்துச் சேமிக்கும் ஒரு ஜாவா சர்வீஸை சோழிங்கநல்லூரில் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். கூட்டம் ஏற ஏற அது அடிக்கடி விழ ஆரம்பித்தது. லாகில் அவுட் ஆஃப் மெமரி எரர் ஒன்றுகூட இல்லை, சர்வீஸ் ஓடும் கன்டெய்னர் (மெமரி லிமிட் வைத்த தனிப் பெட்டி) மட்டும் 137 என்ற எக்ஸிட் கோடோடு நின்றிருக்கும். 128-உடன் 9 சேர்ந்தால் 137, அதாவது ப்ராசஸை உடனே கொல்லும் சிக்கில் (SIGKILL) சிக்னல். மெமரி லிமிட்டைத் தாண்டியதும் லினக்ஸ் கெர்னலே கொன்றுவிட்டது.

வழக்கமான முதல் யோசனை ஹீப்பை, அதாவது ஜாவா பொருள்கள் இருக்கும் மெமரிப் பகுதியை, கூட்டுவது. கூட்டினோம், இன்னும் சீக்கிரம் விழுந்தது. ஹீப் டம்ப் (ஹீப்பின் முழு நகல்) எடுத்து, அதை அலசும் எக்லிப்ஸ் மேட் (MAT) கருவியில் திறந்தால் எதுவும் பெரிதாக இல்லை. ஆனால் டம்ப் எடுத்தபின் கொஞ்ச நேரம் ஆர்எஸ்எஸ் (RSS, ப்ராசஸ் உண்மையில் பிடித்திருக்கும் மொத்த ரேம்) ஏறாமல் நின்றது, எனக்கு அதுதான் உறுத்தியது. ஜேசிஎம்டி (jcmd) கட்டளை வழியாக டம்ப் எடுத்தால், வேறு மாதிரி கேட்காதவரை, முதலில் முழு ஜிசி (GC, தேவையற்ற பொருள்களை நீக்கும் வேலை) ஒன்று ஓடும். அப்படியென்றால் ஜாவா பொருள் ஏதோ ஒன்று ஹீப்புக்கு வெளியே மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது, ஜிசி வந்தால்தான் அதை விடுகிறது!

ஜாவாவிலேயே இருக்கும் நேட்டிவ் மெமரி ட்ராக்கிங் வசதியைப் போட்டுப் பார்த்தோம், அதன் மொத்தம் ஆர்எஸ்எஸ்ஸோடு ஒத்துப்போகவில்லை. அது ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) தானே எடுக்கும் மெமரியைத்தான் எண்ணும், ஜாவா லைப்ரரிகளின் நேட்டிவ் கோடு எடுப்பது அதில் வராது. சரி என்று ப்ரொஃபைலிங் வசதியோடு பில்ட் செய்த ஜெமெல்லாக்கை (jemalloc, மெமரி ஒதுக்கும் லைப்ரரி) எல்டி ப்ரீலோடில் (LD_PRELOAD, ஒரு லைப்ரரியை முதலில் ஏற்றச் சொல்லும் அமைப்பு) கொடுத்து ஓடவிட்டோம். மெமரியை யார் எடுத்தார்கள் என்று அது தந்த வரைபடத்தில் பெரிய பெட்டி ஒன்றுதான், சுருக்கியதை விரிக்கும் இன்ஃப்ளேட்டர். பழைய கோடில் ஜிசிப் இன்புட் ஸ்ட்ரீமைத் திறந்து படித்துவிட்டு எங்கேயும் மூடவே இல்லை. ஒவ்வொன்றும் இன்ஃப்ளேட்டருக்கு அடியில் இருக்கும் ஜெட்லிப் (zlib) என்ற நேட்டிவ் லைப்ரரியில் ஏறக்குறைய 40 கேபி பிடிக்கும், 25,000 கோப்புகள் சேர்ந்தால் 1 ஜிபி. ஹீப்பில் தெரிவதோ அரை கேபி பஃபரும் சின்னச் சின்னப் பொருள்களும்தான், அதனால் ஜேவிஎம்முக்கு அவசரமே தெரியாது. ஹீப்பைப் பெரிதாக்கினால் ஜிசி இன்னும் அரிதாக ஓடும், வெளியே மெமரி இன்னும் குவியும், கன்டெய்னர் லிமிட்டோ அப்படியேதான் இருக்கிறது.

வேலை முடிந்ததும் தானே மூடிவிடும் ட்ரை வித் ரிசோர்சஸுக்குள் அந்த ஸ்ட்ரீமைக் கொண்டுபோனதும் கிராஃபில் ஆர்எஸ்எஸ் ஏறாமல் படுத்துவிட்டது. அப்புறம் ஹீப்பையும் பழைய அளவுக்கே குறைத்தோம். உங்கள் ஜாவா சர்வீஸ் 137-ல் விழுந்தால் ஹீப் கிராஃபோடு நிற்காதீர்கள், ஆர்எஸ்எஸ்ஸையும் அதன் பக்கத்திலேயே வரைந்து பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விரிந்துகொண்டே போனால் தேட வேண்டிய இடம் ஹீப்புக்கு வெளியே.