டேபிள் கண்ணெதிரே இருக்கிறது, போஸ்ட்கிரெஸ் இல்லை என்கிறது

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸைப் பார்க்க உதவும் பிஜிஅட்மினில் தெரியும் ஆர்டர்ஸ் டேபிளை அப்ளிகேஷன் கேட்டால் மட்டும் "ரிலேஷன் டஸ் நாட் எக்ஸிஸ்ட்" என்று வருகிறதா? டேபிள் எங்கும் போகவில்லை, தேடும் இடம்தான் வேறு. ஸ்கீமா (டேபிள்களைப் பிரித்து வைக்கும் பிரிவு) பெயர் இல்லாமல் எழுதினால், சர்ச்_பாத்தில் (தேட வேண்டிய ஸ்கீமாக்களின் பட்டியல்) உள்ள ஸ்கீமாக்களை வரிசையாகப் பார்த்து முதலில் கிடைப்பதை போஸ்ட்கிரெஸ் எடுத்துக்கொள்ளும். நாம் மாற்றாதவரை அதில் இருப்பவை இரண்டு: யூசர் பெயரிலுள்ள ஸ்கீமா, அடுத்து பப்ளிக்.

பிழை வரும் அதே கனெக்‌ஷனில் 'ஷோ சர்ச்_பாத்' ஓட்டுங்கள். பிறகு 'செலக்ட் கரன்ட்_ஸ்கீமாஸ்(ட்ரூ)'. முதலாவது காட்டுவது எழுதிவைத்த பட்டியல். இரண்டாவது, உண்மையில் தேடப்படுவது. இல்லாத ஸ்கீமாவையும் யூசேஜ் (பயன்படுத்தும்) உரிமை தராத ஸ்கீமாவையும் சத்தமில்லாமல் தாண்டிவிடும் என்பதால் இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மேற்கோள்குறியில். செட் சர்ச்_பாத் = 'சேல்ஸ், பப்ளிக்' என்று மொத்தத்தையும் ஒரே குறிக்குள் போட்டால், காற்புள்ளியோடு சேர்த்து அது ஒரே ஸ்கீமாவின் பெயராகிவிடும். பிழை எதுவும் வராது, தேடலும் நடக்காது. குறிகளை எடுத்துவிடுங்கள்.

சர்ச்_பாத்தை ஆல்டர் ரோல் மூலம் யூசருக்கு மாற்றினால் புதிய செஷனுக்கு மட்டுமே பொருந்தும்; கனெக்‌ஷன் பூலை (திறந்தே வைத்துப் பகிரும் இணைப்புகளை) மறுபடி தொடங்குங்கள்.

பிழை வருவதைவிட ஆபத்து, வேறு டேபிள் கிடைப்பது. டெம்ப் டேபிள் (செஷன் முடிந்ததும் மறையும் தற்காலிக டேபிள்) ஒன்று அதே பெயரில் இருந்தால் முதலில் அதுதான் அகப்படும். டெலீட் எழுதும்போதாவது சேல்ஸ்.ஆர்டர்ஸ் என்று முழுதாக எழுதுங்கள்.